சிரப்பா, பாகா, சர்பத்தா? லேபிளில் என்ன போட?

அம்பைக்காரி – வெள்ளி, மாலை 6.12

எல்லாருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் நான்கு நாளாக வீட்டில் சண்டை. நான் இரண்டு வருஷமாக நன்னாரி காய்ச்சி தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய பாட்டிலைக் கழுவி ஊற்றி, மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதி, அவ்வளவுதான் என் கம்பெனி. இந்தக் கோடைக்கு முறையாக லைசென்ஸ் எடுத்து லேபிள் ஒட்டி விற்கலாம் என்று இறங்கினேன். அச்சகத்தில் இங்கிலீஷில் சிரப் என்று போட்டுவிட்டு, தமிழில் என்ன போட என்று கேட்டார்கள்.

நான் சர்பத் என்றேன். வீட்டுக்காரர், சர்பத் என்றால் தம்ளரில் கலக்கிக் கையில் கொடுப்பது, பாட்டிலில் இருப்பதற்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்கிறார். மாமியார் பாகு என்று போடச் சொல்கிறார். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், பாகு என்றால் அதிரசச் சட்டிதான் ஞாபகம் வரும், சிரப் என்றே போடம்மா என்கிறாள். அச்சகக்காரரோ சிரப் என்று போட்டால் இருமல் மருந்து என்று நினைத்துவிடுவார்கள் என்கிறார்.

இன்னொரு சாமானும் இருக்கிறது. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, சுக்கு தட்டிப் போட்டுக் காய்ச்சியது. ஆப்பத்துக்கும் உளுந்தங்களிக்கும் ஊற்றிக்கொள்ள. அதற்கும் பெயர் வேண்டும். திங்கள்கிழமைக்குள் சொல்ல வேண்டும், உதவுங்கள்.


மேலப்பாளையம் தம்பி – மாலை 6.20

எசன்ஸ் என்று போடுங்க அக்கா. எங்க தெருவில் கல்யாண வீட்டில் ரோஸ் கலரில் எது வந்தாலும் எசன்ஸ்தான்.


கரண்டி – மாலை 6.31

எசன்ஸ் என்பது வாசனைக்கு நாலு சொட்டு விடுவது தம்பி. அரைத் தம்ளர் எசன்ஸ் ஊற்றினால் குடித்தவன் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்தான் போய்ப் படுப்பான்.


காயல் காற்று – இரவு 8.05

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், சிரப்பும் சர்பத்தும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அரபியில் ‘ஷரிப’ என்றால் குடித்தான். அதிலிருந்து ‘ஷராப்’, குடிக்கிற எதுவும். அரபு வைத்தியர்கள் மூலிகைச் சாற்றைச் சீனியில் காய்ச்சி வைத்துக்கொண்டு அதற்கு இந்தப் பெயரைச் சொல்ல, அது லத்தீனுக்குப் போய் ‘சிருப்புஸ்’ ஆகி, பிரெஞ்சில் நுழைந்து, இங்கிலீஷில் சிரப் ஆகிவிட்டது. அதே வேரில் பிறந்த ‘ஷர்பத்’ பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. துருக்கி வழியாக இத்தாலிக்குப் போன கிளைதான் இன்றைக்குப் பெரிய ஓட்டல்களில் சோர்பே என்று கிண்ணத்தில் உருண்டையாகக் கொடுக்கிறார்களே, அது.

இதில் ஒரு வேடிக்கை. வடக்கே உருதுவிலும் இந்தியிலும் ‘ஷராப்’ என்றால் சாராயம். ஒரே சொல், ஒரு ஊரில் மது, ஒரு ஊரில் பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்து, நம் ஊரில் நோன்பு திறக்கிற நேரத்துத் தம்ளர். எங்கள் வாப்பும்மா கடைசிவரை ‘சருவத்து’ என்றுதான் சொன்னார்கள். பாட்டிலில் இருப்பதும் சருவத்துதான், கலக்கியதும் சருவத்துதான். ‘அலமாரியில இருந்து சருவத்த எடுத்துட்டு வா, சருவத்து போடணும்’ என்பார்கள். யாருக்கும் குழப்பமே வந்ததில்லை.


அம்பைக்காரி – இரவு 8.17

இதைத்தான் அவரிடம் வாசித்துக் காட்டினேன். ‘அப்ப சாராயம்னே போட்டுரு, நல்லா ஓடும்’ என்கிறார். விளங்கும்.


மருந்துச்சீட்டு – இரவு 9.40

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவன். எங்களுக்கு சிரப் என்பது கணக்குள்ள சொல். மருந்து நூல்களில் வெறும் சிரப் என்று ஒன்று இருக்கிறது, அதில் மருந்தே கிடையாது. ஆயிரம் கிராமில் 667 கிராம் சீனி, மீதி தண்ணீர். இதுதான் அடித்தளம், இதற்குள்தான் மருந்தைக் கலப்பார்கள்.

ஏன் 667? எடையில் பார்த்தால் இரண்டு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணீர். சாதாரண வெப்பத்தில் தண்ணீர் தாங்கக்கூடிய சீனி ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற்றினால் ஆறியபின் அடியில் கல்கண்டு கட்டும், மூடி திருகாது. அதற்குக் குறைந்தால் புளித்துக் காடி ஏறும். சீனி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு எட்டுவதற்குத் தண்ணீர் இருக்காது, கிருமியின் உடம்பில் உள்ளதையும் வெளியே இழுத்துவிடும். அதனால்தான் மருந்தே கலக்காத சீனிக் கரைசல் கெடாமல் இருக்கிறது. அதே சீனியைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து மேஜையில் வைத்துப் பாருங்கள், இரண்டு நாளில் நுரைக்கும்.

அப்புறம் எல்லாத் தண்ணி மருந்தும் சிரப் இல்லை. ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று போட்டிருந்தால் அநேகமாக அது சஸ்பென்ஷன், மருந்து கரையாமல் மிதக்கிறது. சாராயம் சேர்ந்தால் எலிக்சிர். பொடியாக வருவது டிரை சிரப், அதில் குறிவரை கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியபின் பெரும்பாலும் ஏழு நாள் கணக்கு, அட்டையில் பார்த்துக்கொள்ளவும். ஒருமுறை ஒரு தாத்தா பொடியாகவே ஸ்பூனில் அள்ளிப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு ‘ரொம்பக் கசக்குதுன்னு அழுதா’ என்று வந்து நின்றார். நல்லவேளை, ஒரே வேளைதான்.

லேபிளில் சிரப் என்று போட வேண்டாம் என்பது என் கட்சி. பெயரே எங்கள் அலமாரிக்கு வந்துவிட்டது.


கரண்டி – இரவு 10.02

அண்ணாச்சி சொன்ன இரண்டுக்கு ஒன்று கணக்கைத்தான் என் குருநாதர் எனக்கு 16 வயதில் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு மருந்து நூலும் தெரியாது ஒன்றும் தெரியாது. ‘சருவத்துப் பாகுக்கு ரெண்டு படி சீனி, ஒரு படி தண்ணி, அழுக்கு எடுக்க ஒரு கரண்டி பால்’. கொதி வரும்போது பாலை ஊற்றினால் சீனியில் உள்ள கசடு எல்லாம் திரண்டு மேலே வரும், வழித்துப் போட்டுவிடலாம்.


மருந்துச்சீட்டு – இரவு 10.11

படிக் கணக்கும் எடைக் கணக்கும் ஒன்றல்ல கரண்டி. சீனி மணிக்கு இடையில் காற்று இருக்கிறது. இரண்டு படி சீனி தண்ணீர் அளவுக்கு எடை வராது, அதனால் உங்கள் பாகு கொஞ்சம் நீர்த்திருக்கும்.


கரண்டி – இரவு 10.15

அதைத்தான் அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிறோமே அண்ணாச்சி! தண்ணி வற்றும்லா. உங்களுக்குத் தராசு, எங்களுக்குக் கொதி.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பாகு என்பது ஒரு சாமான் இல்லை, ஒரு வரிசை. முதலில் பிசுக்குப் பதம், விரலில் எண்ணெய் மாதிரி ஒட்டும், குலாப்ஜாமூனுக்கு அது போதும். அப்புறம் ஒரு கம்பி, இரண்டு விரலுக்கு நடுவில் நூல் மாதிரி இழுத்து அறுந்துவிடும். அதையும் தாண்டினால் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் கரையாமல் உருட்ட வரும், அதிரசத்துக்குத் தக்காளிப் பதம் என்பது அதுதான், அழுத்தினால் பழம் மாதிரி அமுங்கும். கடைசி, கடலைமிட்டாய்ப் பதம். தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். என் மருமகன் ஒருநாள் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து சட்டியில் விட்டான். உருட்டுப் பதம் 115 டிகிரி கிட்டே காட்டியது, உடைகிற பதம் 150ஐத் தொட்டது. வியந்து போனான். நான் வியக்கவில்லை, எனக்கு சத்தமே போதும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, கடலையும் மண்டைவெல்லமும் எங்கேயும் கிடைக்கிற சாமான், பாகை இறக்குகிற நேரம் தெரிவதுதான் தொழில். அரை நிமிஷம் முந்தினால் பல்லில் ஒட்டும், அரை நிமிஷம் பிந்தினால் கரிக்கும்.

அதனால் வெறுமனே பாகு என்று லேபிளில் போட்டால் என்னைப் போல ஆள், என்ன பதம் என்று கேட்பேன்.


ஏடு – சனி, காலை 6.48

பாகு நல்ல பழைய சொல். நல்வழியின் கடவுள் வாழ்த்தில் பிள்ளையாருக்குக் கொடுக்கிற நான்கில் பாலும் தேனும் பருப்பும் வருகிற இடத்தில் பாகும் இருக்கிறதே, சின்ன வயதில் எல்லாரும் ஒப்பித்தது. மகளுக்கு அதிரசச் சட்டி மட்டும் ஞாபகம் வருகிறது என்றால், அவள் இயற்பியல் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். திரவம் ஓட மறுக்கிற குணத்துக்குத் தமிழில் பாகுநிலை என்றும், அதை அளக்கிற எண்ணுக்குப் பாகியல் எண் என்றும் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். அடுப்படிச் சொல்லை எடுத்து அறிவியலுக்குக் கொடுத்த மாதிரி அழகான கலைச்சொல் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ‘தீம்பாகு’, ‘இன்பாகு’ என்று புதிதாகச் செய்கிறவர்களும் உண்டு. பாகு என்றாலே தித்திப்புதான், அதன் தலையில் இன்னொரு தித்திப்பு எதற்கு?

(பாகுபாடு வேறு, அது பகு என்ற வினையிலிருந்து. முன்பு ஒருவர் ‘பாகைப் பங்கிடும்போது வந்த சண்டை’ என்று விளக்கம் எழுதியிருந்தார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.)


செங்கோட்டை பாசஞ்சர் – காலை 7.30

எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர். வீட்டில் பாதிச் சொல் மலைக்கு அந்தப் பக்கத்தது. பாட்டி வெல்லப்பாகுவைப் ‘பாவு’ என்பார், கொஞ்சம் இளக்கமாக இருந்தால் ‘பானி’. புனலூர்ச் சித்தி வீட்டிலும் அப்படித்தான். இலங்கையில் என் கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் ‘பாணி’ என்பார், பனம்பாணி, இருமலுக்குக் குடிப்பதும் பாணி மருந்து. முதல்முறை அவர் ‘காலையில் பாணி குடிச்சனான்’ என்றபோது நான் இந்திக்காரர் சொல்லும் தண்ணீர் என்று நினைத்து, அதற்கென்ன இப்போது என்று பார்த்தேன்.


உடன்குடி விளை – காலை 9.15

எல்லாரும் சீனியைச் சுற்றியே வருகிறீர்கள். சீனி வருவதற்கு முன்னால் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் பாகு எங்கிருந்து வந்தது? பனையிலிருந்து. (சீமை என்றுதான் சொல்வேன், 1986 அக்டோபர் வரைக்கும் நாங்களும் திருநெல்வேலி ஜில்லாதான்.)

என் ஐயா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். தடவாவிட்டால் வெயில் ஏறுமுன்னே புளித்துக் கள்ளாகிவிடும், சுண்ணாம்பு பட்டால்தான் பதனி. அதை விடிலிக்குள், பதனி காய்ச்சுகிற குடிசைக்குள், பெரிய தாச்சியில் ஊற்றி அம்மை காய்ச்சுவாள். பதனியில் இனிப்பு பத்துப் பன்னிரண்டு பங்குதான், மீதி எல்லாம் தண்ணீர், அவ்வளவையும் நெருப்பு குடிக்க வேண்டும். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். பொங்கி வழியப் பார்க்கும். அப்போது ஆமணக்கு முத்தை நுணுக்கிக் கொஞ்சம் போடுவாள், மந்திரம் போட்ட மாதிரி நுரை அடங்கும். நிறம் வெள்ளையிலிருந்து தேன் நிறம், அப்புறம் செம்மண் நிறம். குமிழி சின்னதாக இருந்தது பெரிதாகி ‘புளுக் புளுக்’ என்று வெடிக்கிற நேரத்தில் அகப்பையால் எடுத்து எங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் சிரட்டையில் ஊற்றுவாள். அதுதான் கூப்பனி. சிரப் என்கிற சொல்லை நான் கேட்பதற்கு முன்னால் நாக்கு சுட்டுக்கொண்டது கூப்பனியில்தான்.

அதற்குமேல் காய்ச்சிக் கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. முழுக்க இறுக விடாமல் பாகாகவே பானையில் ஊற்றி நூலைத் தொங்கவிட்டு அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு பனங்கற்கண்டு விளையும். மிஞ்சுகிற கழிவுப்பாகும் வீணாகாது, மாட்டுக்குப் போகும்.

கனடாவில் மேப்பிள் மரத்தில் குழாய் அடித்து நாற்பது லிட்டர் சாறு காய்ச்சி ஒரு லிட்டர் சிரப் எடுக்கிறார்கள் என்று பேரன் காட்டினான், அது ஒரு சின்ன பாட்டில் ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வருகிறதாம். நம் பதனி அதைவிட நாலைந்து மடங்கு தித்திப்பு. ஆனால் கூப்பனியைப் பாட்டிலில் போட்டு நம்மவர் எத்தனை பேர் விற்கிறார்கள்? விடிலியோடு அது முடிந்துவிட்டது.


அம்பைக்காரி – காலை 9.40

அண்ணாச்சி, வாசிக்கும்போதே வாயில் ஊறுகிறது. அப்போ என் இரண்டாவது பாட்டிலுக்குக் கூப்பனி என்று போட்டுவிடட்டுமா? பெயரும் அழகாக இருக்கிறது, யாரிடமும் இல்லை.


உடன்குடி விளை – காலை 9.52

கோபப்படாதே தாயி. நீ காய்ச்சுவது கருப்பட்டியைத் திரும்பக் கரைத்தது. கூப்பனி கருப்பட்டி ஆவதற்கு முந்தின நிலை. முந்தினதைப் பிந்தினதுக்குப் பெயராக வைக்கக் கூடாது. குடித்துப் பழகியவன் ஒரே மடக்கில் கண்டுபிடித்துவிடுவான், கூப்பனியில் பச்சை ஓலை வாசனை கொஞ்சம் நிற்கும், கரைத்த பாகில் அது வராது.

இன்னொன்று. கருப்பட்டி எங்கே வாங்குகிறாய்? சீனியைக் கரைத்து ஊற்றி அச்சு வார்த்த கருப்பட்டிதான் பாதிச் சந்தையில். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. உடைத்துப் பார், உள்ளே சீனி மணி மாதிரி மினுங்கினால் விட்டுவிடு.


மூன்றுபிள்ளைத்தாய் – காலை 11.20

தலைப்பைப் பார்த்து வந்தேன். மருந்துச்சீட்டு அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி வந்ததிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது. அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்றார்கள். சின்னவனுக்கு ஒன்றே முக்கால் வயது, ராத்திரியெல்லாம் இருமுகிறான். போன வாரம் ஒரு கடையில் சீட்டு இல்லாமலே ஒரு பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். திறக்கவே இல்லை, அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.


மருந்துச்சீட்டு – பகல் 12.05

திறக்காதது நல்லதம்மா. அந்தச் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்கிற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகமே கண்டுபிடித்தது. அனுமதி 0.1 சதவீதம்தான். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அது எப்படி சிரப்புக்குள் வருகிறது என்று கேட்பீர்கள். தண்ணீரில் கரையாத மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் மாதிரி ஒரு கரைப்பான் வேண்டும். மருந்துத் தரத்தில் வாங்க வேண்டியதை விலை குறைவு என்று தொழிற்சாலைத் தரத்தில் வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இந்த நஞ்சு கூடவே வந்துவிடும். அதுவும் இனிக்கும், அதுதான் கொடுமை, நாக்கு எச்சரிக்காது. சிறுநீரகத்தைப் பிடிக்கும். பிள்ளை சிறுநீர் கழிப்பது நின்றுவிடும்.

இது புதிதும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் ஒரு எலிக்சிரில் இதே சாமானைக் கரைப்பானாக ஊற்றி நூற்றுக்கு மேல் ஆட்கள் போனார்கள், அடுத்த வருஷம் அங்கே சட்டமே மாறியது. 2022இல் காம்பியாவில் மறுபடியும். தொண்ணூறு வருஷமாக அதே பாடம், படிக்காதவர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு இருமல், சளி சிரப் கொடுக்கவோ எழுதவோ வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. சாதாரணச் சளி இருமல் தானாகவே போகும். தண்ணீர், தாய்ப்பால், மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு, அவ்வளவு போதும். மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரி. அந்த பாட்டிலை டாக்டரிடம் காட்டிவிட்டு ஒழித்துவிடுங்கள். சீட்டில்லாமல் கொடுத்த கடையைப் பற்றி நான் என்ன சொல்ல, என் தொழில்தான், வெட்கமாக இருக்கிறது.


மூன்றுபிள்ளைத்தாய் – பகல் 12.11

நன்றி அண்ணாச்சி. சாயங்காலம் டாக்டரிடம் போகிறோம். அத்தை தேன் தடவச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?


மருந்துச்சீட்டு – பகல் 12.14

ஒரு வயது தாண்டிவிட்டதால் கொஞ்சம் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது, இதை அத்தைக்கும் சொல்லி வையுங்கள், அடுத்த பேரன் வரும்போது உதவும்.


ஆடாதோடை – பகல் 2.30

பாளை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். 1964 முதல் இருக்கிற கல்லூரி, ஆனால் இந்த இழையில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையே! மருந்து சிரப்புக்குத் தமிழில் சொல் இருக்கிறது, மணப்பாகு. சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கிற மருந்து வகை 32, அதில் ஒன்று. சாறையோ குடிநீரையோ எடுத்து சீனி அல்லது கற்கண்டு சேர்த்து, மணம் வருகிற பதத்தில் இறக்குவது. ஆடாதோடை மணப்பாகு இருமலுக்கு, மாதுளை மணப்பாகு குமட்டலுக்கும் இரத்தக் குறைவுக்கும். இன்னும் இறுக்கினால் இளகம், லேகியம் என்று தீபாவளிக்கு உருட்டுகிறோமே அது. சீனியே சேர்க்காமல் வெறுமனே காய்ச்சி வடித்தால் குடிநீர். கரண்டி அண்ணாச்சி சொன்ன பத வரிசை எங்களிடமும் இருக்கிறது, தட்டில் போட்டு சத்தம் கேட்பது மட்டும்தான் இல்லை.

நன்னாரியும் எங்கள் சரக்குதான் என்பதால் நன்னாரி மணப்பாகு என்று அழகாகப் போடலாம்.


மருந்துச்சீட்டு – பகல் 2.41

போடலாம், ஆனால் மணப்பாகு என்று போட்டால் அது மருந்துக் கணக்கில் வந்துவிடும் டாக்டரம்மா. அம்பைக்காரி எடுத்திருப்பது உணவு லைசென்ஸ். வேறு இலாகா, வேறு சட்டம். பிறகு ஆய்வாளர் வந்து என்ன நோய்க்கு என்று கேட்பார்.


ஆடாதோடை – பகல் 2.50

அதுவும் சரிதான். ஆசையில் சொல்லிவிட்டேன். வேர் வாங்கும்போது மட்டும் கவனம் அக்கா, மாகாளிக் கிழங்கு வேரையும் நன்னாரி என்று கொடுப்பார்கள். வாசனை ஒத்துப்போகும், ஆனால் அது வேறு செடி. நன்னாரி வேர் மெல்லிசாக, கறுத்து, முறுக்கிக்கொண்டு இருக்கும், மாகாளி தடித்த கிழங்கு.


அம்பைக்காரி – மாலை 4.25

வேர் எனக்குத் தெரியும் டாக்டர், வாசனையை விட இடிக்கும்போது தெரிந்துவிடும். தட்டினால் மேல்தோல் தனியாகக் கழன்று, நடுவில் குச்சி மாதிரி வெள்ளை நரம்பு தனியாக வரும். நரம்பை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் ராத்திரி வெந்நீரில் ஊறப்போடுவேன். விடிந்து மூடியைத் திறந்தால் அந்த மணம் தெருமுனை வரை போகும். வெந்நீர் என்றால் கொதிக்கிறது இல்லை, கொதிக்கவைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். சீனிப்பாகைத் தனியாகக் காய்ச்சி, ஆறினபிறகுதான் ஊறல் தண்ணியைச் சேர்ப்பேன். எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிவேன், பூக்காமல் இருக்கும்.

இதில்தான் முதல் வருஷம் அடி வாங்கினேன். ஊறல் தண்ணியை அதிகமாக ஊற்றிவிட்டேன், பாகு நீர்த்துப்போய்விட்டது, எனக்குத் தெரியவில்லை. மருந்துச்சீட்டு அண்ணாச்சி சொன்ன அதே காடிதான். சித்திரை வெயிலில் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் ‘டமார்’. திருடன் என்று அவர் கம்பை எடுத்துக்கொண்டு போக, பார்த்தால் மூடி மச்சில் அடித்துக் கீழே கிடக்கிறது, சுவரெல்லாம் நன்னாரி, காலையில் எறும்பு வரிசை வாசல் வரைக்கும். பதினோரு பாட்டில் போச்சு.


மருந்துச்சீட்டு – மாலை 4.40

அதற்குத்தான் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிக்கொள்ளம்மா. விரல் அளவு கருவி, ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எத்தனை பிரிக்ஸ், அதாவது எடையில் நூறில் எத்தனை பங்கு சீனி என்று காட்டும். சர்பத் வகைக்கு உணவுச் சட்டத்திலேயே 65க்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. ஊறல் தண்ணி சேர்த்தபிறகு பார்க்க வேண்டும், முன்னால் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. சூடாக மூடினால் மூடிக்கு அடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் மேலே நிற்கும், பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும். அதையும் பார்த்துக்கொள்.


காயல் காற்று – மாலை 5.05

சட்டத்திலேயே சர்பத் என்ற சொல் இருக்கிறது என்றால் வழக்கு முடிந்ததே!


கரண்டி – மாலை 5.09

எனக்கும் சம்மதம். நன்னாரிக்கு சர்பத். கருப்பட்டிக்குப் பாகு. ஒன்று கலக்கிக் குடிக்க, ஒன்று அப்படியே ஊற்றித் தின்ன. நாக்கு பிரித்த மாதிரி பிரித்துவிடு. அம்மன் கொடைக் கடையில் ஏணிப்படி மிட்டாயைப் பாகில் முக்கி எடுத்துத் தருவானே, அவனிடம் போய் ‘சிரப்பு கொஞ்சம் கூட ஊத்து’ என்று யாராவது கேட்பார்களா?


மேலப்பாளையம் தம்பி – மாலை 5.12

நான் கேட்பேன்.


ஏடு – மாலை 5.30

சர்பத் அரபியில் பிறந்தாலும் நம் தெருவில் வளர்ந்த சொல். எனக்கு மறுப்பில்லை. ‘சர்பத்து’ என்று உகரம் சேர்த்துப் போட்டால் இன்னும் மகிழ்வேன்.


அம்பைக்காரி – மாலை 6.50

வீட்டில் ஓட்டெடுப்பு முடிந்தது. மாமியார் கருப்பட்டிக்காவது பாகு கிடைத்ததே என்று சமாதானம். பெரியவள் பெரியவளானபோது உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெயும் இந்தப் பாகும் ஊற்றிக் கொடுத்தது அவர் கைதான், அதனால் அந்த லேபிளில் ‘களிக்கும் ஆப்பத்துக்கும்’ என்று ஒரு வரி போடச் சொல்லியிருக்கிறார். நன்னாரி லேபிளில் ‘ஒரு பங்குக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர்’ என்று போட்டால், பாட்டிலில் இருப்பது வேறு, தம்ளரில் வருவது வேறு என்று வீட்டுக்காரருக்கும் விளங்கிவிடும். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.


அம்பைக்காரி – புதன், காலை 10.20

லேபிள் வந்துவிட்டது. ஐந்நூறு. நிறம், எழுத்து எல்லாம் அருமை. ‘நன்னாறி சர்பத்து’ என்று அடித்திருக்கிறார்கள். வல்லின றி. நான் பார்த்து ஓகே சொன்ன நகலிலும் அப்படியே இருக்கிறது, என் கண் பிரிக்ஸிலேயே இருந்திருக்கிறது.


மேலப்பாளையம் தம்பி – காலை 10.22

நாறி!!! அக்கா, இது எசன்ஸைவிடப் பெரிசு.


ஏடு – காலை 10.45

கலங்க வேண்டாம். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தான், நாறுதல் மணத்தல். நல் நாறி, நல்ல மணமுடையது என்று பொருள் கொண்டால் இலக்கணப்படி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.


அம்பைக்காரி – காலை 10.51

சார், ஐந்நூறு பாட்டிலோடும் நீங்கள் கூடவே போய் இதைச் சொல்வீர்களா?


உடன்குடி விளை – காலை 11.08

பாகு லேபிளைப் பார்த்தாயா தாயி, அதில் கருப்பட்டிக்கும் பாகுக்கும் நடுவில் ‘ப்’ இருக்கிறதா?